இது எங்க கிரவுண்டு!

போர்ட் பிளேயர் கடலோரம் முதல் கார் நிகோபார் கிராமங்கள் வரை: தீவுகளின் பந்துத் திடல்களும், அவற்றை விட்டுக்கொடுக்க மனம் வராத மக்களும்

மே மாதம் மூன்றாம் வாரம் தாண்டிவிட்டால் தெற்கு அந்தமானில் மழைக்கு நேரம் காலம் கிடையாது. இரண்டரைக்கு வானம் கறுக்கும், மூன்றுக்குக் கொட்டும், மூன்றரைக்கு வெளிவாங்கும், மறுபடி கறுக்கும். ஊர்த் திடலில் ஆட்டம் மட்டும் நிற்காது. கார்னர் கொடி நட்டிருக்கும் மூலையில் கணுக்கால் அளவு தண்ணீர். உருண்டு வரும் பந்து அங்கே போனதும் அப்படியே நின்றுவிடும். அதைக் கால் நுனியால் கிண்டி மேலே எடுத்து, இறங்குவதற்குள் உதைக்கத் தெரிந்தவன்தான் மழைக்கால ஹீரோ. ஒரு பக்கம் சரிந்து ஏறும் மண்மேடு, அதுதான் கேலரி. விழுந்து கிடக்கும் தென்னை அடிமரம் பெரியவர்கள் உட்கார. சின்னப் பிள்ளைகள் கோல் கம்பத்துக்குப் பின்னால், பந்து காட்டுக்குள் போனால் ஓடி எடுத்துவர.

வீட்டில் தமிழ் பேசும் பையன் எல்லைக் கோட்டோரம் ஓடிக்கொண்டே "பாஸ் தே, பாஸ் தே" என்று அந்தமான் இந்தியில் கத்துகிறான். பந்து வைத்திருப்பவன் வீட்டில் வங்காளம். கோல்கீப்பர் வீட்டில் மலையாளம். கோல் தவறினால் மேட்டிலிருந்து வசவு நாலு மொழியில் விழும்.

இந்த மேட்டை வழித்துச் சமப்படுத்தி, கான்கிரீட் படியும் தகரக் கூரையும் போட்டுத் தருகிறோம் என்று அதிகாரிகள் வந்தால் ஊர் என்ன சொல்லும்? நனையாமல் உட்காரலாம் என்று முதலில் மகிழும். பிறகு யாராவது ஒருவர் கேட்பார்: வேலி போடுவீர்களா, கேட்டுக்குப் பூட்டு உண்டா, சாவி யாரிடம்? ஸ்டேடியம் என்ற கட்டடத்துக்கும் 'எங்க கிரவுண்டு' என்ற பிடிப்புக்கும் நடுவில் இருக்கும் சிக்கல் முழுவதும் இந்த மூன்று கேள்விகளில் வந்துவிடுகிறது. தீவுகளில் அது இன்னும் கூர்மையானது. இங்கே நிலம் குறைவு. இருக்கும் நிலத்தையும் கடல் எடுத்துக்கொண்ட நாளைக் கண்ணால் பார்த்தவர்கள் உயிரோடு இருக்கிறார்கள்.

ஜிம்கானாவிலிருந்து நேதாஜிக்கு

போர்ட் பிளேயரின் பெரிய திடல் நேதாஜி ஸ்டேடியம். 2024 செப்டம்பரில் நகரத்துக்கே ஸ்ரீ விஜய புரம் என்று பெயர் மாறிவிட்டது. பேச்சில் இன்னும் போர்ட் பிளேயர்தான், ஆகவே இங்கும் அப்படியே எழுதுகிறேன். அபர்தீன் பஜாரிலிருந்து கடலை நோக்கி இறங்கினால் இந்தத் திடல். மேலே செல்லுலார் சிறை. பக்கத்திலேயே நீர் விளையாட்டு வளாகம். அதற்குள் ஒரு நினைவுச் சின்னம் இருக்கிறது: 1859 மே 17 அன்று, தங்கள் காட்டை வெட்டிக் குடியேற்றம் போட்ட ஆங்கிலேயர்மீது கிரேட் அந்தமானியர்கள் வில் அம்போடு பாய்ந்த அபர்தீன் சண்டையின் நினைவு. சொந்த மண்ணுக்காக இந்தக் கரையில் நடந்த போராட்டம் அது. பந்து பார்க்க வருகிறவர்களில் எத்தனை பேர் அந்தக் கல்லருகே நின்று படிக்கிறார்களோ தெரியாது. அவசியம் படிக்க வேண்டும்.

ஆங்கிலேயர் காலத்தில் திடலின் பெயர் ஜிம்கானா மைதானம். ஜப்பானியர் தீவுகளைப் பிடித்து வைத்திருந்தபோது, 1943 டிசம்பர் 30 அன்று சுபாஷ் சந்திர போஸ் இங்கே தேசியக் கொடியை ஏற்றினார். ஷஹீத், ஸ்வராஜ் என்று தீவுகளுக்குப் புதுப்பெயர் சூட்டப்பட்டது. ஆசாத் ஹிந்த் அரசின் சார்பில் ஆட்சிப் பொறுப்புக்கு அனுப்பப்பட்டவர் ஒரு தமிழர், மேஜர் ஜெனரல் ஆ. து. லோகநாதன். கல்வித் துறைக்கு மேல் எதையும் ஜப்பானியர் அவர் கைக்கு விடவில்லை. 1945 அக்டோபரில் ஜப்பானியத் தளபதிகள் சரணடைந்ததும் இதே ஜிம்கானா திடலில்தான்.

இவ்வளவும் நடந்த புல்லில்தான் சுதந்திர தின அணிவகுப்பும் நடக்கிறது, பந்தும் உருள்கிறது. ஒரு ஊருக்குப் பெரிய திடல் ஒன்றே ஒன்று என்றால் கொடி, அரசியல், விளையாட்டு எல்லாம் அதன்மேல்தான் வந்து இறங்கும். இதில் ஆதாயம் உண்டு, நஷ்டமும் உண்டு. விழா வந்தால் பந்தல் கால் நடுகிறார்கள், ஆட்டம் ஒதுங்கிக்கொள்கிறது. விழா முடிந்து குழி மூடி, புல் பிடித்து, தரை சமமாகும் வரை காத்திருப்பது ஆட்டக்காரன்.

■ பெட்டிச் செய்தி: ஒரு திடலும் அக்கம்பக்கமும்

1859: அபர்தீன் சண்டை, திடலுக்கு அருகே.
1896–1906: மேட்டில் செல்லுலார் சிறை கட்டப்படுகிறது. ஏழு சிறகுகள்.
1941: ஜூன் மாத நிலநடுக்கத்தில் சிறைக் கட்டடத்துக்குச் சேதம்.
1943 டிசம்பர் 30: ஜிம்கானா திடலில் போஸ் கொடியேற்றம்.
1945 அக்டோபர்: அதே திடலில் ஜப்பானியர் சரண்.
1979 பிப்ரவரி: செல்லுலார் சிறை தேசிய நினைவகம் ஆகிறது. மிஞ்சியவை மூன்று சிறகுகள்.
2018 டிசம்பர் 30: கொடியேற்றத்தின் 75ஆம் ஆண்டு. நேதாஜி ஸ்டேடியத்தில் பிரதமரின் கூட்டம், 75 ரூபாய் நினைவு நாணயம் வெளியீடு.

பந்தோடு வந்த ஊர்கள்

தீவின் கால்பந்தைப் புரிந்துகொள்ள ஊர்ப் பெயர்களைப் படித்தாலே பாதி வேலை முடிந்தது. தெற்கு அந்தமானில் வண்டூர் இருக்கிறது, மஞ்சேரி இருக்கிறது, காலிகட் இருக்கிறது. 1921 மாப்பிள்ளைக் கிளர்ச்சிக்குப் பிறகு நாடு கடத்தப்பட்ட மலபார்க்காரர்கள் விட்டு வந்த ஊர்களின் பெயரையே புது ஊர்களுக்கு வைத்தார்கள். மாயாபந்தர் பக்கம் 1925 முதல் பர்மாவிலிருந்து வந்த கரென் மக்கள். ராஞ்சிப் பீடபூமியிலிருந்து காடு வெட்ட வந்த பழங்குடியினர். பிரிவினைக்குப் பின் குடியேற்றப்பட்ட கிழக்கு வங்காளக் குடும்பங்கள் டிக்லிபூரிலும் ஹேவ்லாக்கிலும். துறைமுகத்துக்கும் மர ஆலைக்கும் சாலை வேலைக்கும் கப்பலேறி வந்த ராமநாதபுரம், மதுரை, நெல்லைத் தமிழர்கள். மலபார், வங்காளம், ராஞ்சி: இந்தியாவில் கால்பந்து வேர் பிடித்த மண்களைப் பட்டியல் போட்டால் இவை முன்வரிசையில் வரும். அந்த மண்களின் பிள்ளைகள் ஒரே தீவில், ஒரே திடலில்.

தமிழர்களில் இன்னொரு கூட்டமும் உண்டு. 1964இன் சாஸ்திரி–சிறிமாவோ ஒப்பந்தத்தின்படி இலங்கைத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து திருப்பி அனுப்பப்பட்ட மலையகத் தமிழர்களில் சில குடும்பங்கள் நிகோபார் தீவுக்கூட்டத்தின் கச்சாலில் ரப்பர் தோட்ட வேலைக்குக் குடியமர்த்தப்பட்டன. இங்கே ஒரு செய்தி சொல்ல வேண்டும். ஐப்ராக்ஸ், ஆன்ஃபீல்ட், ஓல்ட் டிராஃபோர்ட், குடிசன் பார்க் என்று பிரிட்டனின் புகழ்பெற்ற கால்பந்து அரங்குகளுக்கெல்லாம் கேலரி வரைந்தவர் ஸ்காட்லாந்துக்காரர் ஆர்ச்சிபால்ட் லீச். அரங்குகளுக்கு வருமுன் அவர் வரைந்த கட்டடங்களில் கண்டிப் பகுதி தெல்தோட்டையின் தேயிலைத் தொழிற்சாலைகளும் அடக்கம். தொழிற்சாலைக்குரிய இரும்புச் சட்டமும் சிக்கனமும் அப்படியே கேலரிக்கு வந்தன. அலங்காரம் குறைவு, எல்லோரும் பந்தைப் பார்க்க முடிய வேண்டும் என்பதே கணக்கு. மலையகத்து ஆலைகளில் உழைத்தவர்களின் வாரிசுகள் கச்சாலில் ரப்பர் மரங்களுக்கு நடுவே இடம் பார்த்து ஆடிய பந்துக்கு அப்படி எந்தக் கேலரியும் கிடைக்கவில்லை.

கரை போனது, திடலும் போனது

கார் நிகோபாரில் கதை வேறு மாதிரி. அங்கே கால்பந்து ஒரு விளையாட்டு என்பதைவிடக் கிராமத்தின் அடையாளம். அதைக் கொண்டுவந்து பரப்பியவர் பிஷப் ஜான் ரிச்சர்ட்சன் என்றுதான் தீவில் சொல்வார்கள். மூஸ் கிராமத்தில் பிறந்து, பர்மாவில் படித்துத் திரும்பி, பள்ளி நடத்தி, நிகோபாரி மொழிக்கு எழுத்து வழக்கம் பரவ உழைத்தவர். முதல் மக்களவைக்குத் தீவுகளின் உறுப்பினராக நியமிக்கப்பட்டவரும் அவரே, 1975இல் பத்மபூஷண். நிகோபார்ப் பையன்கள் டில்லியின் சுப்ரதோ கோப்பைப் பள்ளிப் போட்டிக்குக் கப்பலேறிப் போய் ஆடியது அந்த விதையின் பலன்.

ஒவ்வொரு கிராமத்துக்கும் கடலோரத்தில் 'எல்பனம்' என்ற பொது இடம் உண்டு. சமூகக் கூடம், படகுக் கொட்டகை, பிறப்புக்கும் இறப்புக்கும் உரிய வீடுகள், இடுகாடு எல்லாம் அங்கேதான். கிறிஸ்தவம் வந்த பிறகு பல கிராமங்களில் தேவாலயமும் பந்துத் திடலும் அந்த வட்டத்துக்குள் சேர்ந்துகொண்டன. முன்னோரைப் புதைத்த மண்ணுக்கும் பிள்ளைகள் ஆடும் மண்ணுக்கும் இடையே தூரம் அதிகம் இல்லை. படகுப் போட்டியும் பந்துப் போட்டியும் ஒரே கரையில். தோற்றால் தோற்பது பதினோரு பேர் இல்லை, கிராமம்.

2004 டிசம்பர் 26, கிறிஸ்துமஸுக்கு மறுநாள், ஞாயிறு. காலை ஆறரை மணியளவில் நிலம் ஆடியது. சில நிமிடங்களில் கடல் வந்தது. கார் நிகோபார் மேடு இல்லாத தட்டைத் தீவு; தண்ணீர் உள்ளே வெகுதூரம் ஏறியது. மலாக்காவில் இருந்த விமானப்படைக் குடியிருப்பில் மட்டும் நூற்றுக்கும் மேற்பட்டோர் போனார்கள். கடலோரக் கிராமங்கள் பெயர் மட்டும் மிச்சமாகத் துடைக்கப்பட்டன. எல்பனம் போனது. இடுகாடு, தேவாலயம், படகுகள், கோல் கம்பங்கள், எல்லாம். நிலமே சில இடங்களில் தாழ்ந்துவிட்டதால், திடல் இருந்த இடத்தில் அலை அடிக்க ஆரம்பித்தது.

உயிர் தப்பியவர்கள் தீவின் உட்பகுதியில், தென்னந்தோப்புகளுக்கு நடுவே போய்த் தங்கினார்கள். முதலில் தகரக் கொட்டகைகள். பிறகு நிரந்தர வீடுகள்: தீவுகள் முழுவதும் ஒன்பதாயிரத்துக்கும் மேல். பொருள்கள் மெயின்லேண்டிலிருந்து கப்பலில் வந்தன, வரைபடமும் அங்கிருந்தே வந்தது. நிகோபாரிகளின் பாரம்பரியக் குடில் உயரமான தூண்கள்மேல் நிற்கும் கூம்புக் கூரை வீடு. 'துஹெத்' என்ற பெரிய கூட்டுக்குடும்பம் சேர்ந்து வாழ்வதற்கானது. வந்த வீடுகளோ வரிசையாக, ஒரு தம்பதிக்கு ஒன்று. வீடு கிடைத்தது, கூட்டுக்குடும்பம் பிரிந்தது. இதை அன்றே ஆய்வாளர்கள் பலர் சுட்டிக்காட்டினார்கள்.

வீட்டுக்கு நடந்ததுதான் திடலுக்கும். சமமான ஒரு புல்வெளியைக் காட்டி 'இதோ மைதானம்' என்று சொல்வது பொறியாளருக்குச் சுலபம். ஆனால் பழைய திடல் எல்பனத்தின் ஓர் அங்கம். அதன் ஒரு பக்கம் கடல், மறுபக்கம் தேவாலயம். ஆட்டம் முடிந்ததும் வீரர்கள் நேராகப் போய்க் கடலில் விழலாம். உட்பகுதித் திடலில் நான்கு பக்கமும் தென்னை. நிவாரணக் கணக்கில் எல்பனம் என்று ஒரு தலைப்பே கிடையாது என்பதுதான் என் வருத்தம். கோல் கம்பத்துக்குக் காசு ஒதுக்கலாம், அதற்குப் பின்னால் இருந்த கடலை எந்தத் தலைப்பில் ஒதுக்குவது?

ஆனாலும் பந்து நிற்கவில்லை. தகரக் கொட்டகை முகாம்களிலேயே தென்னைகளுக்கு நடுவே இடம் ஒதுக்கி ஆடினார்கள். சுனாமியில் சிறுமியாக உயிர் தப்பிய டெபோரா ஹெரால்டும், அவருக்குப் பின் ஈசோவ் அல்பனும் சைக்கிள் பந்தயத்தில் கார் நிகோபாரின் பெயரை உலகத்துக்குச் சொன்னார்கள். ஊட்டி வளர்க்க ஒழுங்கான தரை கிடைத்தால் அந்தத் தீவின் உடல்வலு எங்கே போய் நிற்கும் என்பதற்கு அவர்களே சாட்சி.

ஐந்து மணிக்கு இருட்டும் ஊரில்

இனி கட்டடக் கணக்குக்கு வருவோம். தீவில் அரங்கம் கட்டுவதற்கும் சென்னையில் கட்டுவதற்கும் ஏணி வைத்தாலும் எட்டாது.

முதல் விஷயம் வெளிச்சம். தீவுகள் கிழக்கே வெகுதூரத்தில் இருக்கின்றன, கடிகாரமோ இந்திய நேரம். டிசம்பரில் ஐந்து மணிக்கெல்லாம் சூரியன் போய்விடும். பள்ளி விட்டு வீடு வந்து, சாப்பிட்டு, திடலுக்கு ஓடினால் முழுதாக ஒரு மணி நேரம் கிடைத்தால் பெரிது. தலைநகர் டில்லியில் விளக்கு வெளிச்சத்தில் ஏழு மணி வரை பயிற்சி செய்யும் பையனோடு இந்தப் பையன் போட்டி போட வேண்டும். ஆக, தீவுத் திடலுக்குக் கேலரியைவிட முந்தி வேண்டியது விளக்குக் கம்பம். ஆனால் தீவின் மின்சாரம் பெரும்பாலும் டீசல் ஜெனரேட்டரில் வருவது. அந்த டீசலும் கப்பலில் வருவது. நெய்வேலி நிலக்கரி நிறுவனம் போர்ட் பிளேயர் அருகே 20 மெகாவாட் சூரிய மின் நிலையம் அமைத்திருக்கிறது. அதுபோல, திடலின் கூரையே சூரியத் தகடாக இருந்தால் பகலில் சேர்த்ததை மாலையில் இரண்டு மணி நேரம் எரிக்கலாம்.

அடுத்து மழை. போர்ட் பிளேயரில் ஆண்டுக்குச் சுமார் 3,000 மில்லிமீட்டர் பெய்கிறது. சென்னையில் பெய்வதைப்போல இரண்டு மடங்கு. புல்லுக்கு அடியில் மணலும் சரளையும் துளைக் குழாயும் அடுக்கடுக்காகப் போட்டு நீரை வடிக்காவிட்டால், மேலே எத்தனை அழகான கேலரி கட்டினாலும் ஆண்டில் பாதி நாள் அது குளத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கும். கண்ணுக்குத் தெரியாத இந்த வேலைக்குத் திறப்பு விழாவில் கைதட்டு கிடைக்காது. அதனால்தான் எங்கும் இது கடைசிக்குத் தள்ளப்படுகிறது.

பிறகு உப்புக் காற்று. தகரக் கூரையும் கைப்பிடிக் கம்பியும் சில வருடத்தில் பொரிந்து உதிரும். கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பி துருப்பிடித்து வீங்கினால் படிக்கட்டின் விளிம்பு பெயர்ந்து விழும். கைப்பிடியைத் தொட்டால் செதில் செதிலாக ஒட்டிக்கொண்டு வரும் அந்தச் செம்பழுப்புத் துகளைத் தீவில் எந்தப் பழைய கட்டடத்திலும் பார்க்கலாம்.

நிலநடுக்கத்தைச் சொல்லவே வேண்டாம்.

■ பெட்டிச் செய்தி: கேலரி கட்டுமுன்

* இந்திய நில அதிர்வு வரைபடத்தில் அந்தமான் நிகோபார் ஆக உயர்ந்த அபாய மண்டலம்.
* 2004இல் தெற்கு அந்தமான் ஏறக்குறைய ஒரு மீட்டர் தாழ்ந்தது. வடக்கு அந்தமானில் நிலம் உயர்ந்தது. தெற்கு முனையான இந்திரா முனையின் கலங்கரை விளக்கம் நான்கு மீட்டருக்கு மேல் இறங்கியது.
* சிமெண்ட், கம்பி எல்லாம் கப்பலில். சென்னையிலிருந்து கடல்வழி ஏறத்தாழ 1,200 கிலோமீட்டர், மூன்று நாள் பயணம்.
* 2022 மார்ச்சில் கேரளத்தின் வண்டூர் அருகே செவன்ஸ் (அணிக்கு ஏழு பேர் ஆடும் கால்பந்து) போட்டியில் தற்காலிகக் கேலரி சரிந்து நூற்றுக்கும் மேற்பட்டோர் காயமடைந்தார்கள். மூங்கில், பாக்குமரக் கேலரிகள் கட்டும் எந்த ஊருக்கும் இது எச்சரிக்கை.
* நிகோபார் தீவுகளில் பெரும்பகுதி பழங்குடிக் காப்பகம். வெளியார் அனுமதிச் சீட்டில்லாமல் போக முடியாது. அங்கே கட்டும் திடல் முழுக்க முழுக்க உள்ளூர் மக்களுக்கே.

மெர்சி நதிக்கரையும் பன்யீ தீவும்

கட்டடத்தின்மேல் மனிதர்கள் வைக்கும் பாசத்துக்கு உலகில் உதாரணம் தேடினால் லிவர்பூல் நகரில் எவர்ட்டன் அணியின் குடிசன் பார்க் கண்முன் வருகிறது. 1892இல் திறந்தது. லீச் வரைந்த கேலரிகள். இரண்டு கேலரிகள் சேரும் மூலையில் புனித லூக்கா தேவாலயம். ரசிகர்கள் தங்கள் சாம்பலைத் திடலோரம் புதைக்கச் சொல்லி எழுதிவைத்தார்கள். சுமார் எண்ணூறு பேரின் சாம்பல் அங்கே இருக்கிறது. இடம் இல்லாமல் 2004இல் அந்த வழக்கத்தை நிறுத்தினார்கள். ஆடும் மண்ணும் அடக்கம் செய்த மண்ணும் ஒன்றாக இருப்பது எல்பனத்துக்காரர்களுக்குப் புரியாத விஷயமா என்ன?

எவர்ட்டன் ஆண்கள் அணி 2025 மே 18 அன்று அங்கே கடைசி ஆட்டம் ஆடிவிட்டு, மெர்சி நதிக்கரைத் துறையில் எழுப்பிய புது அரங்கத்துக்குப் போனது. நதிக்கரையில் அரங்கம் எழுப்ப ஒரு விலையும் கொடுத்தார்கள்: லிவர்பூல் துறைமுகம் 2021இல் உலகப் பாரம்பரியப் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டதற்குச் சொன்ன காரணங்களில் அந்தக் கட்டுமானமும் ஒன்று. பழைய குடிசனை இடித்துவிடுவதாகத்தான் முதலில் திட்டம். பிறகு மனம் மாறி, பெண்கள் அணியின் சொந்தத் திடலாக அதைக் கொடுத்தார்கள். அழகான முடிவு. போர்ட் பிளேயரும் இப்படி ஒன்றைச் செய்து காட்டிய ஊர்தான்: செல்லுலார் சிறையின் சிறகுகள் ஒவ்வொன்றாக இடிபட்டபோது, அங்கே கிடந்து வந்த விடுதலைப் போராட்ட வீரர்கள் எதிர்ப்புத் தெரிவித்ததால்தான் மூன்று சிறகுகளாவது நிற்கின்றன.

இன்னும் பக்கத்தில், இதே அந்தமான் கடலின் கீழ்க்கரையில், தாய்லாந்தின் பன்யீ என்ற மீனவக் கிராமம் இருக்கிறது. கிராமம் முழுவதும் தண்ணீர்மேல் கால் நட்டு நிற்கும் வீடுகள். 1986 உலகக் கோப்பையைத் தொலைக்காட்சியில் பார்த்த பையன்களுக்கு ஆட ஆசை, நிலம் இல்லை. பழைய மரத்துண்டுகளையும் மிதவைகளையும் கட்டி மிதக்கும் திடல் செய்தார்கள். ஆணி துருத்திக்கொண்டு நிற்கும், பந்து அடிக்கடி கடலில் விழும். அந்தக் கிராமம் பிறகு தாய்லாந்தின் பெயர்பெற்ற இளைஞர் அணிகளில் ஒன்றை வளர்த்தது. அந்தத் திடலைப் பொறியாளர் யாரும் வரையவில்லை. நிலம் இல்லாத கரை எப்படிப்பட்டது என்று அந்தப் பையன்களுக்குத் தெரிந்திருந்தது.

யாரைக் கேட்டுக் கட்டுவது?

2023 ஜூலையில் போர்ட் பிளேயர் விமான நிலையத்தின் புது முனையம் திறந்தது. கடற்சிப்பி வடிவம், சுமார் 710 கோடி ரூபாய். தீவுக்கு வருகிறவர்களை வரவேற்க அவ்வளவு கவனம் எடுத்து வரைய முடிகிறது என்றால், தீவிலேயே பிறந்து வளர்கிறவர்களின் திடலுக்கும் அந்தக் கவனம் வேண்டும். அதற்காகச் சிப்பி வடிவம் வேண்டும் என்று கேட்கவில்லை. கேட்பவை சாதாரணம். வடிகால் முதலில், விளக்கு இரண்டாவது, பெண்களுக்கான கழிப்பறையும் உடை மாற்றும் அறையும் மூன்றாவது. கேலரிக்கு அதன் பிறகு வரலாம். இந்த மூன்றாவதை யாரும் பட்டியலில் எழுதுவதே இல்லை. பந்து ஆடும் பெண் குழந்தைகள் பதின்மூன்று, பதினான்கு வயதில் திடலைவிட்டுப் போவதற்கு அதுவும் ஒரு காரணம் என்பது எந்தப் பயிற்சியாளருக்கும் தெரியும்.

பூட்டு விஷயத்தில் ஊரோடு பேசிவிட்டுத்தான் வரைபடம் போட வேண்டும். நிகோபாரில் ஒவ்வொரு கிராமத்துக்கும் 'கேப்டன்' எனப்படும் ஊர்த் தலைவர்கள் உண்டு. நிலத்தைப் பற்றிய பேச்சு அவர்களிடம்தான் தொடங்குகிறது. திடல் எந்தப் பக்கம் பார்க்க வேண்டும், தேவாலயம் எந்த மூலையில், கடலுக்குப் போகும் பாதை எது என்று கேட்டால் அவர்கள் சொல்வார்கள். தெற்கு அந்தமான் ஊர்களில் அந்த மண்மேட்டை வழிக்காமல், சரிவிலேயே கல் படி பதித்துப் புல்லோடு விடலாம். நிலநடுக்கத்தில் விழ ஒன்றும் இருக்காது, துருப்பிடிக்கவும் ஒன்றும் இருக்காது, செலவும் குறைவு.

அண்மை ஆண்டுகளில், மாநில அணிகள் மோதும் சந்தோஷ் கோப்பையில் அந்தமான் நிகோபார் அணியின் பெயரும் வர ஆரம்பித்திருக்கிறது. தகுதிச் சுற்று ஆட்டங்களை ஒரே ஊரில் வைத்து நடத்துகிறார்கள், அந்த ஊர் பெரும்பாலும் மெயின்லேண்டில். தீவுப் பையன்கள் தெரியாத முகங்களுக்கு முன்னால் ஆடித் தோற்றுவிட்டுத் திரும்புகிறார்கள். கத்த மேட்டில் ஆள் இல்லாத ஆட்டம் எப்படி இருக்கும் என்று ஆடியவர்களுக்குத்தான் தெரியும். ஆண்டுக்கு 50 லட்சம் பயணிகளைக் கையாளும் முனையம் இருக்கிறது. மூன்று மாநில அணிகள் வந்து இறங்குவது அதற்கு ஒரு பொருட்டே இல்லை. பிப்ரவரியிலோ மார்ச்சிலோ தேதி குறித்து, மதியம் இரண்டரைக்கு விசில் ஊதினால் விளக்குக்கூட வேண்டியதில்லை. ஒரு தகுதிச் சுற்றை நேதாஜி ஸ்டேடியத்துக்குக் கொடுத்துப் பார்க்கட்டும்.